தொழிற்களத்து நகை

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். அந்நகை பிறக்கும் இடம் நான்கென்பதும் அவர் கூறியதே. பிறரை இகழ்தல், சிறுபிள்ளைத்தனம், அறிவின்மை, கொண்டதை விடாது பற்றும் மடம் என்பன அவை. இந்நான்கும் ஒருங்கே கூடும் இடம் யாது என வினவின், மனிதர் கூலிக்காகக் கூடி வேலைசெய்யும் இடமே என்று விடை கூறலாம். நண்பனைப் பிடிக்காவிடில் விலகலாம். உறவினனைப் பிடிக்காவிடில் வாசலை அடைத்துக் கொள்ளலாம். உடன் வேலைசெய்வோனையோ நாம் தேர்ந்து கொள்வதில்லை. மாதச் சம்பளம் அல்லது அன்றாடக் கூலி என்னும் கயிறு அவனையும் நம்மையும் ஒரு தறியிற் கட்டி வைக்கிறது. எல்லாம் அறிந்தவன் போல் ஏவும் மேலாள், ஏவியதை வேறாக விளங்கிக் கொள்ளும் கீழாள், குறித்த பொழுதுக்குள் முடியவேண்டிய வேலை, எந்நேரமும் வந்துவிடக்கூடிய முதலாளி ஆகிய இவை அமைந்தால் நகைச்சுவைக்கு வேறு முதல் வேண்டுவதில்லை.

ஆங்கிலேயர் இதனை நன்கு அறிந்தவர். பீ.பீ.ஸீ. நிறுவனத்தார் தொலைக்காட்சியில் அரைமணி நேரத் தொடர்களாக இவ்வகை நாடகங்களைப் பல்லாண்டு ஒளிபரப்பினர். அவற்றுள் தலையாயது 'பால்டி டவர்ஸ்' என்பர். 1970-ஆம் ஆண்டில் 'மான்டி பைதான்' விகடக் குழுவினர் இங்கிலாந்தின் டார்க்கீ என்னும் கடற்கரை ஊரில் ஒரு விடுதியில் தங்கினர். விருந்தினர் வருவதே தமக்கு இழைக்கப்பட்ட தீங்கு என்று கருதியவர் போல் நடந்துகொண்டார் அவ்விடுதிக்காரர். குழுவினருள் ஒருவரான ஜான் கிளீஸ் அவரை உற்று நோக்கி, பின்னர்க் கானி பூத் என்னும் தம் மனைவியுடன் சேர்ந்து இத்தொடரை எழுதினார். 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு எனப் பகுதிகள் பன்னிரண்டே. அப்பன்னிரண்டும் ஒளிநாடாவிலும் பின்னர் ஒளித்தட்டிலும் பதிந்து வீடுதோறும் புகுந்தன. பட்டமுடைய விருந்தினர் முன் குழைந்து, ஏனையோர்மீது சீறி, ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த ஏழைப் பணியாளன் மானுவேலின் தலையிற் குட்டும் விடுதிக்காரரைக் கண்டு உலகம் சிரித்தது. மானுவேலாக நடித்தவர் ஆண்ட்ரூ சாக்ஸ். ஒரு பகுதியிற் சமையலறை தீப்பற்றும் காட்சிக்காக அவருடைய சட்டையிற் புகை எழும்படி இட்ட இரசாயனம் அவர் உடலை மெய்யாகவே பொசுக்கிற்று. சிரிப்புக்குப் பின்னால் ஒரு தொழிலாளியின் காயம் இருந்ததென்பதை வாசகர் மனத்திற் கொள்க. இதற்கு மீண்டும் வருவோம்.

வேறொரு செய்தியும் சுவையுடையது. ஜான் கிளீஸ், ஆண்டனி ஜே முதலியோர் 1972-இல் 'வீடியோ ஆர்ட்ஸ்' என்றொரு கம்பெனி தொடங்கினர். கடைக்காரர் எங்ஙனம் பேசலாகாது, மேலாளர் எங்ஙனம் கூட்டம் நடத்தலாகாது என்பவற்றை விகடமாகக் காட்டி அலுவலகத்தாரைப் பயிற்றும் படங்களை அக்கம்பெனி எடுத்து விற்றது. அவ்வாண்டனி ஜேயே ஜானதன் லின் என்பவருடன் கூடி 'எஸ் மினிஸ்டர்' என்னும் தொடரை எழுதினார். 1980 முதல் 1984 வரை வந்த அத்தொடர், மந்திரி ஆள்வதாக நினைக்கக் காரியதரிசி ஆள்வதைக் காட்டுவது. நமது நாட்டில் 2001-இல் அது 'ஜீ மந்திரிஜீ' என இந்தியில் வடிவெடுத்தது. மந்திரியாக பாரூக் ஷேக் நடித்தார்.

தமிழில் இத்தகைய தொழிற்கள நகைச்சுவை இல்லையா என்பது வினா. உண்டு, ஆனால் அது வேறோர் உடம்பிற் குடியிருந்தது. மதுரையைச் சூழ்ந்த ஊர்களிற் கோயில் திருவிழாவில் நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்தவர் இதனை எளிதில் உணர்வர். இரவு பத்து மணி அளவில் தொடங்கி விடியுமட்டும் நடப்பது அது. நடிகர் ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்பட்டு, ஒத்திகையின்றி மேடையிற் கூடுவர். ஆக அதுவே ஓர் ஒப்பந்த வேலைதான். வள்ளியும் முருகனும் தோன்றுமுன் பபூன் தோன்றுவான். அவன் செய்யும் விகடத்துக்கும் கதைக்கும் சம்பந்தம் இராது. பேசும்படம் வந்தபின் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இம்முறையையே வளர்த்தார். தமக்கெனத் தனிக் குழுவும் தனி எழுத்தும் வைத்துக்கொண்டு, கதையினூடே கழற்றி எடுக்கக்கூடிய ஒரு நகைச்சுவைப் பகுதியை அமைத்தார். அன்றுமுதல் தமிழ்ப் படத்தில் விகடம் என்பது பெரிய வீட்டின் திண்ணை போன்றது. வீட்டோடு ஒட்டியும் இருக்கும், தனித்தும் இருக்கும்.

அத்திண்ணையில் அமர்ந்தவருள் மதுரை மண்ணுக்கு உரியவர் வடிவேலு. திரைக்கு வருமுன் இந்நகரிற் படங்களுக்குக் கண்ணாடியிட்டுச் சட்டம் அடிக்கும் வேலையில் இருந்தவர் என்பர். கையால் உழைப்போனுடைய சினமும் சலிப்பும் வீம்பும் அவர் முகத்தில் தாமாகவே வந்தமர்வதற்கு அது காரணமோ என்று எண்ணத் தோன்றுகிறது. 2001-ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி வெளிவந்த 'பிரண்ட்ஸ்' என்னும் படத்தில் அவர் ஏற்றது, வர்ணம் பூசும் காண்டிராக்டர் நேசமணி என்னும் வேடம். படத்தை இயக்கியவர் சித்திக். அவரே 1999-இல் மலையாளத்தில் எடுத்த படத்தின் மறுவடிவம் இது. அங்கே அப்பாத்திரத்தின் பெயர் லாசர். நடித்தவர் ஜகதி ஸ்ரீகுமார். லாசர் தமிழில் நேசமணி ஆனது பொருத்தமே. அப்பெயர் நம் கலாசாலை வருகைப் பதிவேட்டிற்குப் புதியதன்று.

காட்சி இது. ஒரு ஜமீன் மாளிகைக்கு வர்ணம் பூச நேசமணி ஒப்புக் கொண்டிருக்கிறார். உடன் வந்த ஆட்களோ தொழில் அறியாதார். வேண்டாத ஆணிகளைப் பிடுங்கு என்றால், எது வேண்டியது எது வேண்டாதது என்னும் ஆராய்ச்சியில் வேலை நின்றுவிடுகிறது. பரம்பரையாகக் காத்த பெரிய கடிகாரம் விழுந்து நொறுங்குகிறது. ஓராளின் கைதவறி மேலிருந்து விழும் சுத்தியல் நேசமணியின் தலையையே நாடி வருகிறது. இதன்கண் நகை எங்குப் பிறக்கிறது என்று நோக்குக. சுத்தியலில் அன்று, நேசமணியின் நிலையில். அவர் முதலாளியுமல்லர், தொழிலாளியுமல்லர். மாளிகைக்காரர் முன் கைகட்டி நிற்க வேண்டும். திரும்பிய கணமே ஆட்களை அதட்ட வேண்டும். உடைந்த பொருளுக்குப் பிணை அவர். உடைத்த கையோ வேறொருவருடையது. டார்க்கீ விடுதிக்காரர் தம் சொந்தக் கூரையின்கீழ்ச் சீறியவர். நேசமணிக்கு அச்சுதந்தரமும் இல்லை. ஆகையால் இவ்விருவருள் நம்மவரே நம் பரிவுக்கு அதிகம் உரியவர் என்பது எம் துணிபு.

இக்காட்சி படத்தினின்று பிரிந்து வாழத் தொடங்கியது வீட்டு ஒளித்தட்டினால். ஒரு வீ.சீ.டி. தட்டு ஏறத்தாழ 74 நிமிஷமே கொள்ளும். முழுப்படத்துக்கு இரண்டு மூன்று தட்டுகள் வேண்டும். நகைச்சுவைப் பகுதிகளை மட்டும் திரட்டினால் ஒரு தட்டுப் போதும். ஆகவே 'வடிவேலு காமெடி' என அட்டையிட்ட தொகுப்புகள் கடைகளிற் குவிந்தன. பின்னர்ச் சன் குழுமத்தார் நகைச்சுவைக்கென்றே 'ஆதித்யா' என்னும் அலைவரிசையை நடத்தினர். அதன்பின் யூடியூப் அவ்வேலையை ஏற்றது. பபூன் பகுதியைக் கழற்றி எடுக்கலாமென்று பழைய மேடை விட்டிருந்த பிளவிலேதான் இயந்திரத்தின் கத்தி புகுந்தது. கதாநாயகர் யாவரென்று மறந்தோரும் நேசமணியை மறவாராயினர்.

2019-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்தது விந்தையிலும் விந்தை. பாகிஸ்தானத்திலிருந்து நடத்தப்பெற்ற பொறியியல் முகநூற்பக்கம் ஒன்று, சுத்தியலின் படத்தை வெளியிட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் யாது என்று வினவிற்று. தமிழர் ஒருவர் அதன் பெயரைக் கூறி, காண்டிராக்டர் நேசமணியின் தலை ஜமீன் மாளிகையில் இதனாலேயே உடைந்தது என்றும் எழுதிவைத்தார். மற்றொருவர், இப்பொழுது அவர் நலமா என்று வினவினார். அவ்வளவே. நேசமணிக்காகப் பிரார்த்திப்பீர் என்னும் வேண்டுகோள் டுவிட்டரில் உலகளாவப் பரவி, மே 30-ஆம் நாள் பிரதம மந்திரி பதவியேற்ற செய்தியோடு போட்டியிட்டது. மருத்துவமனை அறிக்கைகள் என்றும், உடல்நிலைத் தகவல்கள் என்றும் வேடிக்கையாளர் புனைந்தனர். காரணம் அறியாத அயல்நாட்டார் சிலர் மெய்யாகவே கவலையுற்றனர்.

அக்கவலை அறியாமையாற் பிறந்ததாயினும், அதனை முற்றும் நகைத்துத் தள்ள எமக்கு மனமில்லை. சாரத்தினின்று தவறி வீழ்வோரும், மேலிருந்து வீழும் கருவியால் மண்டை உடைவோரும் கட்டடத் தொழிலில் மெய்யாகவே உளர். அவர்பொருட்டே 1994-இல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைக்கப்பெற்றது. விபத்தில் மாண்டவர் குடும்பத்துக்கு உதவித்தொகை அளிப்பது அதன் கடமைகளுள் ஒன்று. வர்ணம் பூசுவோரும் அதிற் பதிவு செய்துகொள்ளக் கூடியவர். தலைக்கவசமின்றி ஏணியேறும் ஒருவரைக் கண்டால் நம்மில் எத்தனைபேர்க்கு முதலில் நேசமணி நினைவுக்கு வருவார், எத்தனைபேர்க்கு அச்சம் வரும்? சிரித்தது பிழையென்று யாம் கூறோம். ஆனால் அச்சிரிப்பு, இகழ்ச்சி பேதைமை என்னும் இரண்டனுள் எதிலிருந்து எழுந்தது என்று ஆராய்தல் தகும். நேசமணியின் காட்சி பெரும்பாலும் இரண்டாவதைச் சார்ந்தது. பிற்காலத்தில் அந்நடிகர் அடிபடுவதையே விகடமாக்கிய படங்கள் பல வந்தன. அவற்றுள் இகழ்ச்சி மிக்கது. அவற்றை யாம் அத்துணை விரும்பிலோம்.

2023-இல் மாரி செல்வராஜ் இயக்கிய 'மாமன்னன்' வெளிவந்தது. அதில் வடிவேலு ஒரு சட்டமன்ற உறுப்பினர். தம் கட்சித் தலைவன் வீட்டில், எதிரே நாற்காலி கிடந்தும், உயர்சாதியான் முன் அமரக் கூடாதவராக நின்றுகொண்டிருப்பார். அதுவும் ஒருவகைத் தொழிலிடமே: மேலாள் உளன், கீழாள் உளன், சொல்லாமற் சொல்லப்படும் ஏவலும் உண்டு. இருபதாண்டுகளுக்கு மேலாக எந்த முகத்தைக் கண்டமாத்திரத்தில் நாம் சிரித்துப் பழகினோமோ, அதே முகம் அங்கே நிற்கும். ஒருவரும் சிரிக்கவில்லை.