எந்த அட்டையைத் திருப்புவீர்கள்?

மேசைமேல் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஆங்கில எழுத்து, மறுபக்கம் எண். இப்போது கண்ணுக்குத் தெரிபவை: ஏ, கே, 4, 7.

விதி இதுதான்: 'ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால், மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்.' இது உண்மையா என்று சோதிக்க எந்தெந்த அட்டைகளைக் கட்டாயம் திருப்ப வேண்டும்? தேவையில்லாத அட்டையைத் தொடக்கூடாது! விடையை எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

'ஏ, 4' என்று எழுதினீர்களா? பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். 1966-இல் இந்தப் புதிரை வெளியிட்டவர் பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர். சரியான விடை: ஏ, 7.

4 ஏன் வேண்டாம்? 'மழை பெய்தால் வாசல் நனையும்' என்பது உண்மை. அதற்காக, நனைந்த வாசலைப் பார்த்ததும் மழை பெய்தது என்று சொல்லிவிட முடியுமா? கோலம் போடத் தண்ணீர் தெளித்திருக்கலாமே! அதுபோல, 4-க்குப் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதிக்கு ஆபத்தில்லை. ஆனால் 7-க்குப் பின்னால் ஓர் உயிரெழுத்து இருந்தால், விதி அங்கேயே பொய்யாகிவிடும்.

'இருந்தால்' என்று வரும் வாக்கியத்தைக் கேட்டதும், அதற்கு ஒத்துப்போகும் அட்டைகளையே நம் மனம் தேடுகிறது. அந்த வாக்கியத்தை நேரடிக் கேள்வியாக மாற்றிப் பாருங்கள்: 'இந்த விதியைப் பொய்யாக்கக்கூடிய அட்டை எது?' இப்போது 7 கண்ணில் படும்.

1982-இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மாணவர்களிடம் இதே புதிரை வேறு வேடத்தில் கொடுத்தார்கள். 'ஒருவர் பீர் குடித்தால், அவர் 19 வயதைக் கடந்தவராக இருக்க வேண்டும்' என்பது விதி. ஒவ்வோர் அட்டையும் ஒருவரைக் குறிக்கும்: ஒரு பக்கம் அவர் குடிக்கும் பானம், மறுபக்கம் அவர் வயது. கண்ணுக்குத் தெரிந்தவை: பீர், கோலா, 16, 22. நீங்கள்தான் போலீஸ்காரர்! யாரைச் சோதிப்பீர்கள்? பீர் குடிப்பவரின் வயதையும், 16 வயதுக்காரர் குடிப்பதையும்தானே? அங்கும் பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். கணக்கு அதேதான். ஆனால் 'விதியை மீறுபவர் யார்?' என்ற கேள்வி இங்கே தானாகவே எழுந்துவிடுகிறது.

அறிவியலாளர்களும் தங்கள் கருத்தை இப்படித்தான் சோதிக்கிறார்கள். ஒத்துப்போகும் சான்றுகளோடு நின்றுவிடாமல், பொய்யாக்கக்கூடிய சான்றையும் தேடுகிறார்கள்.

'இந்தப் பானத்தைக் குடித்தால் உயரமாக வளரலாம்' என்று விளம்பரம் வந்தால், குடித்து வளர்ந்தவர்களை மட்டும் எண்ணாதீர்கள். 'குடித்தும் வளராதவர்கள் எத்தனை பேர்?' என்று நேராகக் கேளுங்கள்.