பாட்டிலை நீட்டியது யார்?

முதலில் ஓர் உதாரணம். இது நடந்த கதை அல்ல. நடந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் கருவேப்பிலங்குறிச்சியில் திருவிழா. 16 வயது அண்ணன் ஒருவன் குளிர்பான பாட்டிலில் மதுவைக் கலந்து, 13 வயதுத் தம்பியிடம் நீட்டுகிறான். "சும்மா ஒரு மடக்கு குடிடா!" காசு வாங்கவில்லை. கட்டாயப்படுத்தவும் இல்லை. இது குற்றமா?

குற்றம்தான். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவைப் பாருங்கள். மருத்துவர் சொல்லாமல், 18 வயது நிறையாத ஒருவருக்கு மதுவோ புகையிலையோ போதைப் பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை. 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். விற்றால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். 'கொடுத்தால்' என்பதே போதும். முன்பிருந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தண்டனை 3 ஆண்டுதான். மதுவைப் 'பொது இடத்தில்' கொடுத்திருக்கவும் வேண்டும். புதிய சட்டத்தில் அந்தச் சொல்லே இல்லை. ஆகவே முந்திரித் தோப்பானாலும் வீட்டு மொட்டை மாடியானாலும் ஒன்றுதான்.

"கொடுத்தவனும் சின்னப் பையன்தானே ஐயா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! அதற்கும் அதே சட்டத்தில் 89-ஆவது பிரிவு இருக்கிறது. இந்தக் குற்றங்களைச் செய்தவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், அவர் 'சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை'. பெரியவர்களுக்கான 7 ஆண்டுச் சிறை அவருக்குக் கிடையாது. ஆனால் விட்டுவிடவும் மாட்டார்கள்.

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நல காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். சீருடை அணியாமல்தான் அவர் பேச வேண்டும். விலங்கு பூட்டக் கூடாது; லாக்கப்பில் அடைக்கக் கூடாது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் நீங்கலாக) இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அங்கே ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பார். விசாரித்துத் தவறு உறுதியானால் அறிவுரை, ஆலோசனை, சமூக சேவை, பெற்றோர் கட்டும் அபராதம் என்று பல வழிகள் உண்டு. மிஞ்சிப் போனால் 3 ஆண்டு வரை சிறப்பு இல்லம். பையனின் பெயரையோ பள்ளியின் பெயரையோ பத்திரிகையில் போட முடியாது. திருந்தி வாழ விடுவதுதான் இந்தச் சட்டத்தின் நோக்கம். எனக்கு இது சரியென்றே படுகிறது.

இன்னொன்று. சில பெரியவர்கள் பிள்ளைகளிடமே காசைக் கொடுத்து, "போய் ஒரு பாட்டில் வாங்கி வா" என்பார்கள். குழந்தையைக் கொண்டு மதுவைச் சுமக்க வைப்பதும் 78-ஆவது பிரிவின்படி குற்றம். அதற்கும் 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கவே கூடாது. ஆகவே "முடியாது மாமா" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காயா? இல்லை. 2024 மே 19 அன்று புனேயில் ஒரு கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வயது 17. அதற்கு முன் அவனுக்கு மது பரிமாறியதாக இரண்டு மதுக்கூடங்களைச் சேர்ந்தவர்கள் கைதானார்கள். போலீசார் போட்ட பிரிவுகளில் இதே 77-உம் இருந்தது!

மீண்டும் நம் உதாரணத்துக்கு வருவோம். குடித்த தம்பி மயங்கிச் சரிகிறான் என்று வையுங்கள். அண்ணனுக்கோ போலீஸ் பயம். ஓடிவிடலாமா என்று தோன்றும். ஆபத்து அங்கேதான்! சிறுவர்களுக்கு மதுவால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துவிடலாம். எனவே ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். தனியே விட்டுப் போகாதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்து, எதைக் குடித்தான், எவ்வளவு குடித்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். யாராவது உங்களைக் குடிக்கச் சொல்லித் தொல்லை கொடுத்தால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. இரவானாலும் எடுப்பார்கள், காசு கிடையாது.