மீட்டர் ஒன்று, அடுப்பு இரண்டு

லயத்துக் காம்பராவில் தாய் தகப்பன். முன் திண்ணையைத் தகரத்தால் அடைத்து, கல்யாணம் கட்டிய மகனின் குடும்பம். அடுப்பு இரண்டு, கரண்ட் மீட்டர் ஒன்று. பசறைப் பக்கத் தோட்டங்களில் இது புதுக்கதையா? ஆனால் அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசுமவின் படிவத்தில் இரண்டு அடுப்பும் ஒரே குடும்பமாகப் பதிந்துவிட்டால் எல்லார் சம்பளமும் ஒன்றாகக் கூடும், மின் பாவனையும் அதிகமாகத் தெரியும். பட்டினி மட்டும் கணக்கில் வராது.

கூப்பன் அரிசி போய் 1979இல் உணவு முத்திரை வந்தது. பிறகு சமுர்த்தி, 2023 ஜூலை முதல் அஸ்வெசும. இப்போது உதவி வங்கிக் கணக்கில் பணமாக விழுகிறது. 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் ரூ.10,000, மிக வறிய குடும்பத்துக்கு ரூ.17,500. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று 6 தலைப்பில் 22 குறிகாட்டிகளை வைத்துத் தெரிவு நடக்கிறது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டப்படி வருவது இது. எந்தத் தலைவரின் தயவும் அல்ல.

"தோட்டத்தில்தான் சம்பளம் இருக்கிறதே" என்பார்கள். 2024இல் நாட்சம்பளம் ரூ.1,350 ஆனது உண்மை. ஆனால் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான்; மழை நாளில் அதுவும் இல்லை. பிடிப்பெல்லாம் போக மிஞ்சுவதைச் சம்பளத் துண்டே சொல்லும். ஆகவே அந்தத் துண்டுகளை எறியாதீர்கள். மேன்முறையீட்டில் உங்கள் சாட்சி அவைதான்.

அஸ்வெசும பட்டியலில் பெயர் இல்லையென்றால், "ஏன் இல்லை" என்பதற்கு முன் "என்னைப் பற்றி என்ன எழுதினீர்கள்" என்று கேளுங்கள். பதில் கிராம சேவகரிடமோ பசறை பிரதேச செயலகத்திலோ கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் கேட்கலாம். மேன்முறையீட்டுக்குக் கால எல்லை உண்டு. பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. நலன்புரி நன்மைகள் சபையின் தொலைபேசி 1924.

தெரிவாகியும் காசு வராத வீடுகளும் உண்டு. கடிதம் தோட்ட ஆபீசில் கிடக்கும், இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு திறந்திருக்காது. அடையாள அட்டை இல்லாதவர் அதையே முதலில் எடுக்க வேண்டும். இன்னொரு ஆபத்து டவுன் கடையில்: கடனுக்கு ஈடாக வங்கிப் புத்தகத்தையும் வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தோடு கொடுத்துவிடுவது. காசு விழுந்த அன்றே கடைக்காரர் எடுத்துவிடுவார், மிச்சக் கணக்கு அவர் சொல்வதுதான்.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் திரிபோஷ சத்துமாவுக்கும் அஸ்வெசும பட்டியலுக்கும் சம்பந்தமில்லை. அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

தொடக்கத்தில் சொன்ன மகன் வீட்டு விஷயத்துக்கு வருவோம். கிராம சேவகரை அழைத்து இரண்டு அடுப்பையும் காட்டுங்கள். மீட்டர் பொது என்பதை அவர் கையாலேயே எழுதி வாங்கி, மேன்முறையீட்டோடு இணையுங்கள்.