குடிபெயரும் கலை

வீடு மாறுவது என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன கயிறும் கோணியும் வண்டியுமே. மூட்டை கட்டுவதுதான் பெயர்ச்சியின் தொடக்கம் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது மூன்றாவது கட்டம். அளப்பது முதற்கட்டம், எழுதி வைப்பது இரண்டாவது, கட்டுவது அதன் பிறகே. இந்த வரிசை ஏன் இன்றியமையாதது என்பதை மாணவ நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு நல்லதொரு சான்று செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையிலேயே இருக்கிறது.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தை உங்களிற் சிலர் பார்த்திருக்கலாம். 1984-ஆம் ஆண்டில் தோன்றிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் அதனை அமைத்து, 1996-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மக்களுக்குத் திறந்து வைத்தது. மற்ற அருங்காட்சியகங்களில் கட்டடத்துக்குள்ளே பொருள்கள் இருக்கும். இங்கே வீடுகளே காட்சிப்பொருள்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியக் கிறித்தவர் வீடு என்று, தென்னாட்டின் பழைய இல்லங்கள் சிலவற்றை விலைக்கு வாங்கி, பிரித்து, ஏற்றிவந்து, மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். நாம் வீட்டை விட்டுக் குடிபெயர்கிறோம். இங்கே வீடே குடிபெயர்ந்திருக்கிறது.

அத்தகைய மரவீட்டின் தூண்களையும் உத்திரங்களையும் பார்க்கும்போதெல்லாம், எந்தத் துண்டு எங்கே இருந்தது என்பதை எப்படி நினைவில் வைத்திருப்பார்கள் என்ற கேள்வி எனக்கு எழும். நினைவில் வைத்திருப்பதில்லை என்பதே விடை. கேரளத்துத் தச்சர்கள் ஆணியை நம்பி வீடு கட்டியவர்கள் அல்லர். ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய நாக்கு இன்னொரு மரத்தின் துளையில் இறுகப் பொருந்தும். கையால் செதுக்கியவை ஆதலால், பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இருபது கைமரங்களும் உண்மையில் ஒன்றுபோல் இரா. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. ஆகவே, இத்தகைய பணியில் ஓர் ஓட்டைக்கூட எடுப்பதற்கு முன்னர் வீட்டை அளந்து வரைபடம் எழுதவேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் எண் இடவேண்டும். பிறகு ஓடு, கைமரம், உத்திரம், தூண் என்று மேலிருந்து கீழாகப் பிரிக்கவேண்டும். புதிய இடத்தில் எழுப்பும்போது தூணிலிருந்து ஓட்டுக்குச் செல்லவேண்டும். இறுதியில் எடுத்தது முதலில் தேவைப்படும் என்பதே இதன் விதி. மண்சுவரையோ பெயர்த்தெடுக்கவே இயலாது. அதன் அளவு மட்டும் தாளில் பயணம் செய்து, புதிய மண்ணில் சுவராக எழுகிறது.

எகிப்து நாட்டில் அபு சிம்பெல் கோயில்களைப் பெயர்த்ததும் இம்முறையிலேதான். அஸ்வான் அணையின் நீரில் மூழ்கவிருந்த அப்பாறைக் கோயில்களை 1964 முதல் 1968 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட பாளங்களாக அறுத்து, சுமார் 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் அமைத்தனர். பெரிய கோயிலின் கருவறையில் ஆண்டுக்கு இருமுறை கதிரவன் ஒளி விழுவதுண்டு. திசையையும் முன்கூட்டியே அளந்து வைத்திருந்ததனால் அந்த ஒளி இன்றும் விழுகிறது.

எழுதி வைக்காமல் பிரித்தால் என்ன ஆகும்? காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அதனைக் காணலாம். செட்டிநாட்டு வீடுகளின் கதவுகளும் தூண்களும் அங்கே விலைக்குக் கிடைக்கின்றன. வேலைப்பாடு குன்றாத கதவுதான். ஆனால் அது முகப்புக்குரியதா, உள்ளறைக்குரியதா, எந்த வீட்டுக்குரியது என்று சொல்வாரில்லை. கதவு பிழைத்தது, வீடு பிழைக்கவில்லை.

இந்தப் பாடத்தை நம் இல்லத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு மாதத்துக்கு முன்பே புதிய வீட்டுக்கு அளவுநாடாவுடன் செல்லுங்கள். வாசற்படியின் அகலத்தையும் மாடிப்படியின் திருப்பத்தையும் அளந்தால், பீரோ நுழையுமா என்பது அன்றே தெரிந்துவிடும். அடுத்து, வேண்டியதையும் வேண்டாததையும் பிரியுங்கள். இனிப் பயன்படாத பொருளுக்கு வண்டிக்கூலி கொடுப்பானேன்? என் வழக்கம் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்வது. பெட்டியின் எண், உள்ளே இருப்பவை, புதிய வீட்டில் சேரவேண்டிய அறை ஆகிய மூன்றையும் அதில் எழுதுவேன். அதே எண்ணைப் பெட்டியின் பக்கவாட்டில் எழுதுவேன். மேலே எழுதினால், அடுக்கியபின் கண்ணுக்குத் தெரியாது. புத்தகங்களைச் சிறு பெட்டிகளிலும், தலையணை போன்றவற்றைப் பெரிய பெட்டிகளிலும் வைக்கவேண்டும். பீங்கான் தட்டுகளைப் படுக்கவைக்காமல், தாள் சுற்றிச் செங்குத்தாக நிறுத்தினால் உடைவது குறையும்.

எதை இறுதியில் கட்டுவது என்பதை நம் மரபே சொல்லிக் கொடுத்திருக்கிறது. புது வீட்டில் முதல்வேலை பால் காய்ச்சுவது. அப்படியானால் பால் பாத்திரமும் விளக்கும் தீப்பெட்டியும் வண்டியின் அடியில் கிடக்கலாமா? மரவீட்டின் தூணைப் போல, அவை கடைசியில் ஏறி முதலில் இறங்கவேண்டியவை. ஆடி மாதத்தில் வீடு மாறாத வழக்கத்தையும் ஓர் அவகாசமாகக் கொள்ளலாம். அளப்பதற்கும் பிரிப்பதற்கும் அது ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் மாற நேர்ந்தால், புத்தகப் பெட்டிக்குத் தார்ப்பாய் மறவாதீர்கள்.

அவகாசமே தராத பெயர்ச்சியும் உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை வந்தபோது, இதே கடற்கரைக் குப்பங்களில் உயிர் தப்ப ஓடியவர்களுக்கு எதையும் எடுக்க நேரமில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், நனைந்தும் தொலைந்தும் போன சான்றிதழ்களுக்கு மாற்றுப்படி வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தவேண்டியதாயிற்று. ஆகவே நிலப்பட்டா, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவை எந்நாளும் நீர் புகாத ஒரே பையில் இருக்கட்டும். வீடு மாறும் நாளிலும் அப்பை லாரியில் ஏறக்கூடாது, கையோடு வரவேண்டும்.

இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள்: நம் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன? ஒருவர் மட்டுமே அறிந்த விடையாக அது இருந்தால், ஒரு தாளை எடுத்து எழுதி வையுங்கள். குடிபெயரும் கலையின் முதற்பாடத்தை அன்றே கற்றவர்கள் ஆவீர்கள்.