உணவை ஏற்ற தில்லி. உரிமைக்குக் காத்திருக்கும் அகதிகள்

புதுதில்லி: தலைநகரின் பாரம்பரியச் சமையல் எது என்று கேட்டால், ஜும்மா மசூதியை ஒட்டிய சந்துகளைத்தான் பலரும் காட்டுவர். 1913-ல் அங்கு தொடங்கப்பட்ட கரீம் உணவகம் இன்றும் நடைபெறுகிறது. ஆனால், அந்தச் சந்துகளைத் தாண்டினால் தில்லியின் உணவு வரைபடத்தில் பெரும்பகுதி, சொந்த மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களும் பிழைப்பு தேடி வந்தவர்களும் வரைந்ததுதான்.

பெஷாவரிலிருந்து வந்த அடுப்பு

தில்லி உணவு என்று உலகமே அறிந்திருக்கும் 'பட்டர் சிக்கன்' அகதிகளின் கைவண்ணம். நாட்டுப் பிரிவினையின்போது பெஷாவரிலிருந்து வந்த குந்தன்லால் குஜ்ரால், குந்தன்லால் ஜக்கி உள்ளிட்டோர் 1947-ல் தரியாகஞ்சில் மோத்தி மஹால் உணவகத்தைத் தொடங்கினர். தந்தூரி அடுப்பு தில்லி உணவகங்களில் நிலைபெற்றது அதன் பிறகுதான். பட்டர் சிக்கனை உருவாக்கியவர் யார் என்ற சர்ச்சை 2024-ல் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது.

அன்று வந்தவர்களை அரசு கைவிடவில்லை. மறுவாழ்வுக்கெனத் தனி அமைச்சகம் இருந்தது. லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், படேல் நகர் போன்ற குடியிருப்புகள் உருவாயின. குடியுரிமைக்கு அரசியல் சாசனமே வழிசெய்தது. ஒரே தலைமுறையில் அகதி என்ற அடையாளம் மறைந்து, அவர்கள் 'தில்லிக்காரர்' ஆயினர்.

மோமோவும் கடவுச்சீட்டும்

அடுத்து வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை. 1959-ல் தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்ததைத் தொடர்ந்து வந்த திபெத்தியர்களில் ஒரு பகுதியினர், யமுனைக் கரையில் மஜ்னு கா டில்லாவில் குடியேறினர். அங்குள்ள குறுகலான சந்துகளில் மோமோ, துக்பா, லாஃபிங் விற்கும் கடைகளில் இன்று கல்லூரி மாணவர்களின் கூட்டம் அலைமோதுகிறது. மோமோ கிடைக்காத சந்தை தில்லியில் அரிது.

ஆனால், திபெத்தியர்களில் பெரும்பாலோர் குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய பதிவுச் சான்றிதழுடன் வாழ்கின்றனர். 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையே இந்தியாவில் பிறந்தவர்கள் சட்டப்படி இந்தியக் குடிமக்களே என்று 2010-ல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், அவர்கள் கடவுச்சீட்டு பெற வேண்டுமானால் திபெத்தியக் குடியிருப்பில் வசிக்கக் கூடாது, அகதிகளுக்கான சலுகைகளையும் கைவிட வேண்டும் என 2017-ல் வெளியுறவு அமைச்சகம் நிபந்தனை விதித்தது. தொழிலும் உறவும் ஒரே சந்தில் அமைந்த குடும்பங்களுக்கு அது எளிதான தேர்வாக இருக்கவில்லை.

லாஜ்பத் நகரில் காபூல்

பிரிவினை அகதிகளுக்காக உருவான லாஜ்பத் நகரில் இப்போது பாரசீக எழுத்தில் பெயர்ப் பலகைகளைக் காணலாம். 1979-ல் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது முதல், 2021 ஆகஸ்டில் தலிபான் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது வரை ஒவ்வொரு நெருக்கடியும் அங்கிருந்து புதியவர்களைத் தில்லிக்கு அனுப்பியது. கேரட்டும் உலர்திராட்சையும் தூவிய காபூலி புலாவ், காய் அடைத்த போலானி, நீண்ட ஆப்கன் நான் ஆகியவற்றைத் தேடி உள்ளூர்வாசிகளும் வருகின்றனர்.

இவர்களில் பலரிடம் இருப்பது ஐ.நா. அகதிகள் ஆணையம் வழங்கிய அட்டை மட்டுமே. வங்கிக் கணக்கு, கடை உரிமம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு அது போதுவதில்லை. 2021 ஆகஸ்டில் வசந்த் விஹாரில் உள்ள அந்த ஆணைய அலுவலகத்தின் முன் திரண்ட ஆப்கானியர்கள், வேறு நாட்டில் குடியமர்த்தக் கோரிப் போராடினர்.

குடிமக்களுக்கும் சோதனை

குடியுரிமை இருந்தாலும் ஏற்பு தானாக வந்துவிடுவதில்லை என்பதற்கு வடகிழக்கு மாநிலத்தவரே சாட்சி. 2007-ல் தில்லி காவல் துறை அவர்களுக்காக வெளியிட்ட கையேடு, மூங்கில் குருத்து, புளிக்கவைத்த சோயாவான அகுனி போன்ற 'வாடை வீசும்' உணவுகளை அக்கம்பக்கத்தில் பிரச்னை எழாதவாறு சமைக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா லாஜ்பத் நகரில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அதன் பின்னரே பெஸ்பரூவா குழு அமைக்கப்பட்டது.

அதே அகுனியை இன்று சஃப்தர்ஜங் அருகேயுள்ள ஹுமாயூன்பூரின் நாகா, மணிப்பூரி உணவகங்களில் மற்ற மாநிலத்தவரும் விரும்பி உண்கின்றனர்.

சட்டம் எங்கே?

1951-ம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இணையவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. 2019-ம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தவருக்கு மட்டுமே வழிவிடுகிறது. ஆப்கன் முஸ்லிம்களும் திபெத்தியர்களும் அதில் இல்லை. 2021-க்குப் பின் வந்த ஆப்கன் சீக்கியர்களுக்கும் அதன்கீழ் குடியுரிமை கிடைக்காது.

1983 முதல் தமிழகத்துக்கு வந்த இலங்கைத் தமிழர்களின் நிலையும் இதுவே. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவுசெய்தோருக்கு, உரிய ஆவணமின்றி நுழைந்ததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அது தண்டனையிலிருந்து விலக்கு மட்டுமே, குடியுரிமை அல்ல.

பெஷாவர் அகதிகளுக்கு நிலமும் குடியுரிமையும் கிடைத்ததால்தான் அவர்களது அடுப்பு தில்லியின் சொத்தாயிற்று. பின்னர் வந்தவர்கள் யாருடைய தயவையும் நாடாமல் தொழில் செய்ய வேண்டுமானால், மதமும் நாடும் பாராத அகதிகள் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். மஜ்னு கா டில்லாவும் மண்டபம் முகாமும் காத்திருப்பது அதற்காகத்தான்.