ஒரே டியூப்... ஒரே ஃப்ரீசர்... ஒரே ரூல்!

'பேக் டு த ஃப்யூச்சர்' ஹீரோ மைக்கேல் ஜே. ஃபாக்ஸை ஞாபகம் இருக்கா? 1991-ல் அவருக்கு 29 வயசு. 'பார்க்கின்சன் நோய்' என்றார்கள் டாக்டர்கள். கை நடுங்கும், நடை சுருங்கும், முகம் இறுகும் வியாதி! 1998-ல் ஊருக்குச் சொன்னார். 2000-ல் ஆராய்ச்சிக்காக ஓர் அமைப்பே தொடங்கினார்.

அந்த அமைப்பு 2010-ல் கையில் எடுத்த மெகா ஆய்வுதான் 'பி.பி.எம்.ஐ.' நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள், வர வாய்ப்புள்ளவர்கள் என எல்லோரையும் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து ரத்தம், தண்டுவட நீர், மூளை ஸ்கேன் சேகரிக்கிறார்கள். எதுக்கு? சுகருக்கு நம்பர் பார்க்கிறோமே, அப்படி பார்க்கின்சனுக்கும் ஓர் அளவுகோல் வேணும். நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. புது மருந்து வேலை செய்யுதான்னு கண்டுபிடிக்கவும் அளவுகோல் இல்லாமல் ரொம்பக் கஷ்டம்.

சிக்கலே இங்கேதான்! இந்த நோயின் வில்லன் 'ஆல்ஃபா சைனூக்ளின்' புரதம். தண்டுவட நீரில் அதை அளக்கப் போனால் லேபுக்கு லேப் ஒரு நம்பர். ஏன் தெரியுமா? ரத்தச் சிவப்பணுக்களிலும் இதே புரதம் கொட்டிக் கிடக்கு. ஊசி குத்தும்போது கொஞ்சம் ரத்தம் கலந்தாலும் கணக்கு எகிறிடும். சில வகை டியூப்களின் சுவரில் புரதம் ஒட்டிக்கொள்ளும். அளவு குறைச்சலாகக் காட்டும். நோயாளி அப்படியேதான் இருப்பார், ரிப்போர்ட் மட்டும் மாறும்!

அதனால் பி.பி.எம்.ஐ.-யில் எல்லா நாட்டு மையங்களுக்கும் ஒரே செய்முறை. பாலிப்ரோப்பிலீன் டியூப், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர், ரத்தக் கலப்படம் பிடிக்க ஹீமோகுளோபின் செக். கேட்க குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும். ஆனா மேட்டரே அதுதான். பல வருஷம் முன்னால் எடுத்த நீரையும் இப்போ எடுத்த நீரையும் தைரியமா பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பலன் 2023-ல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வந்தது. பாலில் துளி உறைமோர் விட்டால் மொத்தமும் தயிராகுமே, கிட்டத்தட்ட அதே டெக்னிக்! நீரில் கோணலாக மடிந்த சைனூக்ளின் இருந்தால், சேர்க்கப்படும் நல்ல புரதத்தையும் கோணலாக்கும். ஒளிரும் சாயம் காட்டிக்கொடுக்கும். 1,123 பேரிடம் சோதித்ததில், பார்க்கின்சன் உள்ளவர்களில் 87.7 சதவீதம் பேருக்கு பாசிட்டிவ். அந்த நோயாளிகளிலேயே பரம்பரை மரபணுக் கோளாறு இல்லாமல், மோப்பசக்தியும் குறைந்தவர்களில் 98.6!

ஆனா ஒண்ணு... இது 'இருக்கா, இல்லையா' என்பதைத்தான் சொல்லும். நோய் எவ்வளவு முத்தியிருக்கு? அதைச் சொல்லும் நம்பருக்காக இன்னமும் முதுகைக் காட்டி ஊசி குத்திக்கொள்கிறார்கள், அந்த வாலன்டியர்கள்!