மருத்துவர் அலெக்சிஸ் கரேலும் லூர்து நிகழ்வும்: ஐயமும் நம்பிக்கையும்

முன்னுரை

கொங்கு நாட்டுத் திருச்செங்கோடு தேவாரத்தில் கொடிமாடச் செங்குன்றூர் எனப்படும். இத்தலத்தில் அடியார்களை வருத்திய குளிர்சுரம் நீங்கத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. சமணத்தில் தருமசேனராக விளங்கிய திருநாவுக்கரசர், சூலைநோய் தாளாமல் தமக்கை திலகவதியாரை நாடி வந்து, திருவதிகையில் நோய் நீங்கிச் சைவரானதையும் அந்நூலே உரைக்கிறது. நோய் தீர்தலும் சமயம் மாறுதலும் ஒருங்கே நிகழ்வது நமக்குப் பழகிய கதையமைப்பாகும். அவ்வமைப்புக்குள் அடங்காத ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் அலெக்சிஸ் கரேல் (1873–1944). அவர் கண்டது தம் நோய் தீர்ந்ததை அன்று. பிறர் நோய் தீர்ந்ததை. கண்ட பின்னரும் அவருடைய ஐயம் பல்லாண்டுகள் நீடித்தது.

லூர்துப் பயணம்

லியோன் நகரையடுத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இயேசு சபையார் பள்ளியில் பயின்ற கரேல், மருத்துவம் கற்ற காலத்தில் நம்பிக்கையை இழந்தார். 1894-இல் அந்நகரில் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ கத்திக்குத்தில் பெருங்குழாய் அறுபட்டு இறந்த நிகழ்வு, இரத்தக் குழாய்களைத் தைக்கும் முறையை ஆராய அவரைத் தூண்டியது. நுண்தையலை அவர் பூத்தையல் செய்யும் ஒரு பெண்மணியிடம் கற்றார் என்பது சுவையான செய்தி.

1902 மே மாதம், சக மருத்துவர் ஒருவருக்கு மாற்றாக, நோயாளிகளை லூர்துக்கு ஏற்றிச் சென்ற தொடர்வண்டியில் கரேல் சென்றார். அதில் மரி பாய்யி என்னும் இளம்பெண் இருந்தார். வயிற்று உறையில் காசநோய் பரவி வயிறு வீங்கியிருந்த அவர் பிழைக்கமாட்டார் என்றே கரேல் கருதினார். நீர்த்தொட்டியில் இறக்கவும் இயலாத நிலையில், மே 28 அன்று அவர் வயிற்றின்மேல் லூர்து நீர் ஊற்றப்பட்டது. நாடியையும் மூச்சையும் கரேல் அருகிருந்து குறித்துக்கொண்டார். சிறிது நேரத்தில் வீக்கம் வடிந்தது. மாலையில் நோயாளி பேசினார், உணவுண்டார். பின்னர் அவர் கன்னியர் சபையொன்றில் சேர்ந்து 1937 வரை வாழ்ந்தார்.

இருபுறத்து வெறுப்பு

கண்டதைக் கண்டவாறு சொன்ன கரேலை இருசாராரும் ஏற்கவில்லை. அவருடைய ஐயம் பக்தர்களுக்கு உவப்பாக இல்லை. இத்தகைய நிகழ்வை அவர் பொருட்படுத்தியதே மருத்துவர்களுக்கு இழுக்காகத் தோன்றியது. லியோனில் முன்னேற வழியின்றி 1904-இல் அவர் வட அமெரிக்கா சென்றார். 1906 முதல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் பணியாற்றி, 1912-இல் நோபல் பரிசு பெற்றார்.

கரேல் லூர்தில் மனம் மாறினார் என்று சுருக்கிக் கூறுவது பிழை. தம் பெயரைத் திருப்பி எழுதிய 'லெராக்' என்னும் பாத்திரத்தின் வழியே அவர் அந்நாள்களைப் பதிவு செய்தார். அந்நூல் அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. 1930களின் இறுதியில் அலெக்சிஸ் பிரெஸ் என்னும் துறவியோடு ஏற்பட்ட நட்பே அவரைத் திருச்சபைக்கு அருகில் கொணர்ந்தது. 1944 நவம்பர் 5 அன்று இறுதி அருளடையாளங்களைப் பெற்றுப் பாரிசில் அவர் இறந்தார்.

கருதத்தக்க இரு செய்திகள்

மரி பாய்யியின் நலத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை புதுமையாக அறிவிக்கவில்லை. பொய்க் கர்ப்பமாக இருக்கக்கூடும் என்னும் ஐயத்தை அக்கால மருத்துவர்கள் முறையாக விலக்கவில்லை என்பதால், பன்னாட்டு மருத்துவக் குழு 1964-இல் அதனை ஏற்க மறுத்தது. அவ்வகையில் திருச்சபையின் குழுவே கரேலைவிடக் கடுமையான ஐயவாதியாக நின்றது எனலாம்.

மற்றொன்று கசப்பானது. 1935-இல் வெளிவந்த 'மனிதன், அறியப்படாதவன்' என்னும் நூலில் கரேல் இனமேம்பாட்டுக் கொள்கையை ஆதரித்தார். கொடுங்குற்றவாளிகளை நச்சுவாயுவால் வலியின்றிக் கொல்லலாம் என்றும் எழுதினார். விஷி அரசின் ஆதரவில் 1941-இல் ஆய்வு நிறுவனமொன்றையும் தொடங்கினார். அவர் பெயரைத் தாங்கியிருந்த லியோன் மருத்துவப் புலம் 1996-இல் அப்பெயரை நீக்கியது. அவர் மனமாற்றத்தைப் போற்றும் நூல்கள் பெரும்பாலும் இப்பகுதியைத் தாண்டிச் செல்கின்றன. சமணர் காலத்துத் தருமசேனரை மறைக்காமல் பாடிய சேக்கிழாரிடம் அவை கற்கவேண்டியது உண்டு.